நிபந்தனைக் கூற்றும் நேரிய முடிவும்

நான் முதலாண்டு படித்தபோது நம் கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டிருந்தது. “தேர்வுக் கட்டணம் செலுத்தாத மாணவர்கள் தேர்வெழுத அனுமதிக்கப்பட மாட்டார்கள்” என்பது அதன் வாசகம். நான் கடைசி நாளுக்கு முன்பே கட்டணத்தைச் செலுத்திவிட்டேன். ஆகவே தேர்வெழுத எனக்குத் தடையேதும் இல்லை என்று முடிவு கட்டிக்கொண்டு நிம்மதியாக இருந்தேன். நுழைவுச் சீட்டு வாங்கச் சென்ற அன்றுதான், என் வருகைப் பதிவு 75 விழுக்காட்டிற்குக் குறைந்திருப்பதும், அதன் பொருட்டு விண்ணப்பம் கொடுக்க வேண்டிய நாள் கடந்துவிட்டதும் தெரிய வந்தன. அதைப் பற்றிய அறிவிப்பும் முதல் அறிவிப்பிற்குப் பக்கத்திலேயேதான் ஒட்டப்பட்டிருந்தது. அந்தப் பருவத் தேர்வு எனக்கு இல்லாமற் போயிற்று.

அறிவிப்பில் பிழையில்லை. கட்டணம் செலுத்தாதவர் எழுத முடியாது என்றுதான் அது சொன்னது. செலுத்தியவர் அனைவரும் எழுதலாம் என்று அது சொல்லவே இல்லை. சொல்லாததைச் சொன்னதாக எடுத்துக்கொண்டவன் நானே. பின்னர்த் தருக்கவியல் வகுப்பில் நிபந்தனைக் கூற்றுகளைப் பற்றிய பாடம் நடந்தபோது, நான் செய்த பிழைக்கு நெடுங்காலமாகவே ஒரு பெயர் உண்டு என்பதை அறிந்தேன். அந்தப் பாடத்தை எனக்கு விளங்கிய அளவில் நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம். இது தேர்வுக்கு மட்டும் உரிய பாடமன்று. இதில் நேரும் பிழை உயிர்களையும் கொள்ளக்கூடும் என்பதை ஒரு வரலாற்றின் வழியே காட்ட முயல்கிறேன்.

நிபந்தனைக் கூற்றின் உறுப்புகள்

“மழை பெய்தால் முற்றம் நனையும்” என்பது ஒரு நிபந்தனைக் கூற்று. ‘மழை பெய்தால்’ என்னும் பகுதி நிபந்தனையைக் கூறுகிறது. இதனை முன்னுறுப்பு என்பர். ‘முற்றம் நனையும்’ என்னும் பகுதி அந்நிபந்தனை நிறைவேறும்போது விளைவதைக் கூறுகிறது. இதனைப் பின்னுறுப்பு என்பர். தமிழில் ‘ஆல்’ என்னும் ஈறும், ‘ஆயின்’, ‘எனின்’ என்னும் சொற்களும் இவ்விரண்டு உறுப்புகளையும் பிணைக்கின்றன.

இக்கூற்று உண்மையில் எதை உறுதியாகச் சொல்கிறது? மழை பெய்தும் முற்றம் நனையாதிருத்தல் என்னும் ஒரே ஒரு நிலையைத்தான் இது மறுக்கிறது. மழை பெய்யாதபோது முற்றம் எப்படி இருக்கும் என்பதைப் பற்றி இது வாய் திறப்பதே இல்லை. முற்றம் நனைவதற்கு மழையைத் தவிர வேறு காரணம் கிடையாது என்றும் இது கூறவில்லை. சாணம் தெளித்தாலும் முற்றம் நனையும். தண்ணீர்க் குடம் கவிழ்ந்தாலும் நனையும். கூற்று சொல்வது எது, சொல்லாதது எது என்னும் இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவை தாமே விளங்கும்.

நமக்குத் தரப்படும் கூற்றுகளை எடுகூற்றுகள் என்றும், அவற்றிலிருந்து நாம் பெறுவதை முடிவு என்றும் அளவையியலார் வழங்குவர். எடுகூற்றுகள் அனைத்தும் மெய்யாக இருக்கும்போது முடிவு பொய்யாவதற்கு வழியே இல்லையென்றால், அம்முடிவு நேரிய முடிவு. இத்தகைய முடிவுகளைப் பெறும் முறையை ஆராய்வதே பகுத்தறி அளவை.

நான்கு வழிகள்

ஒரு நிபந்தனைக் கூற்று கையில் இருக்கும்போது, அதனோடு இன்னொரு செய்தியைச் சேர்த்து முடிவு காண நான்கு வழிகள் தோன்றும்.

முதல் வழி, முன்னுறுப்பை உடன்படுதல். மழை பெய்தால் முற்றம் நனையும், மழை பெய்தது, ஆகவே முற்றம் நனைந்தது. இது நேரியது.

இரண்டாம் வழி, பின்னுறுப்பை மறுத்தல். மழை பெய்தால் முற்றம் நனையும், முற்றம் நனையவில்லை, ஆகவே மழை பெய்யவில்லை. இதுவும் நேரியது. மழை பெய்திருந்தால் முற்றம் நனைந்தே இருக்க வேண்டும் அல்லவா?

மூன்றாம் வழி, பின்னுறுப்பை உடன்படுதல். மழை பெய்தால் முற்றம் நனையும், முற்றம் நனைந்திருக்கிறது, ஆகவே மழை பெய்தது. இது போலி. குடம் கவிழ்ந்திருக்கலாம்.

நான்காம் வழி, முன்னுறுப்பை மறுத்தல். மழை பெய்தால் முற்றம் நனையும், மழை பெய்யவில்லை, ஆகவே முற்றம் நனையவில்லை. இதுவும் போலி. அறிவிப்புப் பலகையின் முன் நின்று நான் செய்தது இதுவே. ‘கட்டணம் செலுத்தாவிட்டால் தேர்வெழுத முடியாது, நான் செலுத்திவிட்டேன், ஆகவே எழுத முடியும்’ என்று முன்னுறுப்பை மறுத்து முடிவு கண்டேன்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். போலியான வழியில் பெற்ற முடிவு எப்போதும் பொய்யாகத்தான் இருக்கும் என்பதில்லை. முற்றம் நனைந்திருப்பதைக் கண்டு மழை பெய்தது என்று சொன்னவர், பெரும்பாலும் சரியாகவே சொல்லியிருப்பார். போலியின் ஆபத்து அதில்தான் அடங்கியிருக்கிறது. பத்து முறை நம்மைக் கரை சேர்த்துவிட்டுப் பதினோராவது முறை கைவிடும் ஓடம் அது.

ஒரு சிறு சோதனை

இந்த நான்கையும் ஏட்டில் படிக்கும்போது, இவ்வளவுதானா என்று தோன்றும். எனவே நண்பர்கள் தம்மைத் தாமே சோதித்துப் பார்க்க வேண்டுகிறேன். மேசைமீது நான்கு அட்டைகள் உள்ளன. ஒவ்வோர் அட்டையிலும் ஒரு பக்கம் ஓர் எழுத்தும் மறுபக்கம் ஓர் எண்ணும் எழுதப்பட்டிருக்கின்றன. நமக்குத் தெரியும் பக்கங்களில் இருப்பவை ‘அ’, ‘க்’, ‘4’, ‘7’ என்பன. “ஒரு பக்கத்தில் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கத்தில் இரட்டைப்படை எண் இருக்கும்” என்று ஒருவர் சொல்கிறார். அவர் சொல்வது இந்த நான்கு அட்டைகளைப் பொறுத்தவரை மெய்யா பொய்யா என்று அறிய, எந்த எந்த அட்டைகளைக் கட்டாயம் திருப்பிப் பார்க்க வேண்டும்?

இது பீட்டர் வேசன் என்னும் ஆங்கிலேய உளவியலறிஞர் வகுத்த சோதனையின் தமிழ் வடிவம். அவர் 1966-இல் இதனை வெளியிட்டார். பெரும்பாலோர் ‘அ’ ஒன்றையோ, ‘அ’வையும் ‘4’ஐயுமோ தேர்ந்தெடுப்பர். சரியான விடை ‘அ’வும் ‘7’உம் ஆகும். ‘4’இன் பின்னால் மெய்யெழுத்து இருந்தாலும் கூற்றுக்குக் கேடில்லை. ‘7’இன் பின்னால் உயிரெழுத்து இருந்துவிட்டால் கூற்று அந்த இடத்திலேயே உடைந்துபோகும். இவ்வடிவில் கேட்கும்போது, படித்தவர்களிலும் பத்தில் ஒருவருக்கு மேல் சரியாக விடையளிப்பதில்லை என்பதை இச்சோதனைகள் மீண்டும் மீண்டும் காட்டியுள்ளன.

ஆனால் 1982-இல் அமெரிக்காவில் கிரிக்ஸ், காக்ஸ் என்னும் இருவர் இதே சோதனையை வேறு உடையில் நடத்தினர். “ஒருவர் பீர் அருந்தினால் அவர் வயது 19-க்கு மேற்பட்டிருக்க வேண்டும்” என்னும் விதியைக் கொடுத்து, யார் யாரைச் சோதிக்க வேண்டும் என்று மாணவர்களைக் கேட்டனர். நான்கில் மூவர் அளவுக்குச் சரியான விடை வந்தது. பீர் அருந்துபவரின் வயதையும், பதினாறு வயதுப் பையனின் கையில் இருக்கும் பானத்தையும் பார்க்க வேண்டும் என்பது அவர்களுக்கு உடனே விளங்கிற்று. இரண்டு சோதனைகளுக்கும் வடிவம் ஒன்றே. விதியை மீறுபவனைத் தேடும்போது நம் அறிவு தானாகவே பின்னுறுப்பை மறுக்கும் வழியில் செல்கிறது. ஒரு கூற்றின் மெய்யை ஆராயும்போதோ அதற்கு ஆதரவான சான்றையே நாடிச் செல்கிறது.

வியன்னா மருத்துவமனை

அட்டைச் சோதனையில் தவறினால் ஒன்றும் கெட்டுவிடாது. உயிர் போகும் இடத்தில் இந்த நான்கு வழிகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றிய வரலாறு ஒன்று உண்டு. அறிவியல் தத்துவ அறிஞர் கார்ல் ஹெம்பல் 1966-இல் வெளிவந்த தம் நூலில் இவ்வரலாற்றை ஆய்வுமுறைக்கு எடுத்துக்காட்டாக ஆண்டிருக்கிறார். நான் இங்கே அதனை நான்கு வழிகளின் கண்கொண்டு காண முற்படுகிறேன்.

ஆஸ்திரிய நாட்டின் தலைநகரான வியன்னாவில் இருந்த பொது மருத்துவமனையில் மகப்பேற்றுப் பிரிவுகள் இரண்டு அடுத்தடுத்து இருந்தன. முதற்பிரிவில் மருத்துவ மாணவர்களும், இரண்டாம் பிரிவில் மருத்துவச்சிகளும் பயிற்சி பெற்றனர். மகப்பேற்றிற்குப் பின் தாய்மாரைத் தாக்கிக் கொல்லும் பிரசவக் காய்ச்சல் இரண்டு பிரிவுகளிலும் இருந்தது. ஆனால் அளவில் பெரும் வேறுபாடு காணப்பட்டது. 1846-ஆம் ஆண்டில் முதற்பிரிவில் 4,010 தாய்மாருள் 459 பேர் இறந்தனர், இது 11.4 விழுக்காடு. அதே ஆண்டு இரண்டாம் பிரிவில் 3,754 பேருள் 105 பேர் இறந்தனர், இது 2.8 விழுக்காடு. எந்த நாளில் வருகிறார்கள் என்பதைப் பொறுத்தே தாய்மார் இரு பிரிவுகளிலும் சேர்க்கப்பட்டனர். முதற்பிரிவில் சேர்க்க வேண்டா என்று பெண்கள் மண்டியிட்டுக் கெஞ்சினர் என்பர்.

அவ்வாண்டு அந்த முதற்பிரிவில் உதவி மருத்துவராகப் பொறுப்பேற்றவர் இக்னாஸ் செம்மல்வைஸ். 1818-இல் ஹங்கேரி நாட்டின் புடா நகரில் பிறந்தவர். இந்த வேறுபாட்டிற்குக் காரணம் காண்பதையே அவர் தம் கடமையாகக் கொண்டார்.

மறுத்து மறுத்து முன்னேறுதல்

அக்காலத்தில் கூறப்பட்ட காரணங்களை அவர் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டார். ‘இது காரணமானால் இன்னது நிகழ வேண்டும்’ என்று ஒரு நிபந்தனைக் கூற்றை அமைப்பதும், அது நிகழ்கிறதா என்று பார்ப்பதும் அவர் கையாண்ட முறை.

காற்றிலும் மண்ணிலும் பரவி நிற்கும் கேடான சூழலே காரணம் என்றனர் சிலர். அதுவே காரணமானால், அது இரண்டு பிரிவுகளையும் வியன்னா நகரையும் ஒருசேரத் தாக்கியிருக்க வேண்டும். அவ்வாறு தாக்கவில்லை. ஆகவே அது காரணமன்று. மருத்துவமனைக்கு வரும் வழியில் தெருவிலேயே பிள்ளை பெற்றுப் பின்னர் முதற்பிரிவில் சேர்ந்த தாய்மாரிடையே சாவு குறைவாக இருந்ததும் இம்மறுப்பிற்கு வலு சேர்த்தது.

நெருக்கடியே காரணம் என்றனர் வேறு சிலர். அதுவே காரணமானால், நெருக்கடி மிகுந்த பிரிவில் சாவும் மிக வேண்டும். ஆனால் முதற்பிரிவுக்கு அஞ்சிப் பெண்கள் இரண்டாம் பிரிவையே நாடியதால், நெருக்கடி மிகுந்திருந்தது இரண்டாம் பிரிவில்தான். ஆகவே அதுவும் காரணமன்று.

மருத்துவ மாணவர்கள் கரடுமுரடாகப் பரிசோதிப்பதே காரணம் என்று 1846-இல் ஒரு குழு கருத்துரைத்தது. மாணவர் எண்ணிக்கை பாதியாகக் குறைக்கப்பட்டது. சாவு சிறிது குறைந்து, பின்னர் முன்னிலும் மேலாக உயர்ந்தது. இறப்போருக்கு இறுதிச் சடங்கு செய்ய வரும் பாதிரியார், முன்னே ஓர் ஆள் மணியடித்துச் செல்ல, முதற்பிரிவின் கூடங்களைக் கடந்து போவது வழக்கம். அதைக் காணும் அச்சமே நோயை விளைவிக்கிறது என்றும் ஒரு கருத்து இருந்தது. பாதிரியாரை மணியோசையின்றி வேறு வழியாக வரச் செய்தார் செம்மல்வைஸ். சாவு குறையவில்லை. முதற்பிரிவில் தாய்மார் மல்லாந்து படுத்தும், இரண்டாம் பிரிவில் ஒருக்களித்துப் படுத்தும் பிள்ளை பெறுவதைக் கண்டு, முதற்பிரிவிலும் ஒருக்களித்துப் படுக்கச் செய்து பார்த்தார். அப்போதும் சாவு குறையவில்லை.

இவை அனைத்தும் பின்னுறுப்பை மறுக்கும் இரண்டாம் வழி. ஒவ்வொரு முறையும் அவருக்குக் கிடைத்தது தோல்வியே போலத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு தோல்வியிலும் ஒரு காரணம் உறுதியாக விலக்கப்பட்டது. இது அன்று என்பதை அளவையின் துணைகொண்டு உறுதியாகச் சொல்ல முடிவது போல, இதுதான் என்பதைச் சொல்வது அத்துணை எளிதன்று.

வெற்றியும் அதனுள் இருந்த போலியும்

1847 மார்ச்சு மாதத்தில் அவருடைய நண்பரும் சட்ட மருத்துவப் பேராசிரியருமான யாக்கோப் கொலெட்ச்கா இறந்தார். பிணப் பரிசோதனையின்போது மாணவர் ஒருவரின் கத்தி அவர் விரலில் பட்டுவிட்டது. அவர் உடலில் காணப்பட்ட நோய்க்குறிகள், பிரசவக் காய்ச்சலில் இறந்த தாய்மாரின் உடல்களில் காணப்பட்டவற்றை ஒத்திருந்தன. செம்மல்வைஸின் மனத்தில் ஒரு புதிய எண்ணம் எழுந்தது. முதற்பிரிவின் மருத்துவர்களும் மாணவர்களும் பிணங்களை அறுத்து ஆராய்ந்த கையோடு, மேலோட்டமாகக் கழுவிவிட்டுத் தாய்மாரைப் பரிசோதிக்கின்றனர். மருத்துவச்சிகளுக்குப் பிண அறுவை இல்லை. பிணத்தின் துகள்களே கைவழியாகத் தாய்மாரின் உடலில் சேர்ந்து நோயை விளைவிக்கின்றன என்று அவர் கருதினார்.

இதற்கும் ஒரு நிபந்தனைக் கூற்றை அமைத்தார். பிணத்துகளே காரணமானால், அவற்றை அழிக்கும் கரைசலில் கைகளைக் கழுவச் செய்தால் சாவு குறைய வேண்டும். 1847 மே மாத இடையிலிருந்து, பிரிவினுள் நுழையும் அனைவரும் பிளீச்சிங் பவுடர் கரைசலில் கை கழுவ வேண்டும் என்று ஆணையிட்டார். ஏப்ரலில் 312 தாய்மாருள் 57 பேர், அதாவது 18.3 விழுக்காட்டினர் இறந்திருந்தனர். சூனில் சாவு 2.2 விழுக்காடாகவும், சூலையில் 1.2 விழுக்காடாகவும் இறங்கிற்று.

மருத்துவ வரலாற்றின் மாபெரும் வெற்றிகளுள் இதுவும் ஒன்று. ஆயினும் அளவையியல் மாணவர் இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். ‘பிணத்துகள் காரணமானால் கை கழுவுவதால் சாவு குறையும், சாவு குறைந்தது, ஆகவே பிணத்துகளே காரணம்.’ இது பின்னுறுப்பை உடன்படும் மூன்றாம் வழி, போலி. அந்தக் கரைசல் பிணத்துகளோடு வேறு எதையேனும் சேர்த்து அழித்திருக்கலாம் அல்லவா? உண்மையில் அழித்தது நோய்க்கிருமிகளை. 1879-இல் பாரிசில் லூயி பாஸ்டர், சங்கிலிபோல் கோத்திருக்கும் நுண்கிருமிகளை இந்நோய்க்குக் காரணமாகக் காட்டினார்.

அப்படியானால் அந்தச் சான்றுக்கு மதிப்பே இல்லையா எனின், உண்டு. சாவு குறைந்தது, அவர் கருத்தின் பக்கம் நம் நம்பிக்கையைப் பெரிதும் சாய்க்கிறது. அறிவியல் முழுவதும் இத்தகைய சான்றுகளின் மேல்தான் நடைபோடுகிறது. ஆனால் நம்பிக்கை வலுப்பெறுவது வேறு. முடிவு உறுதியாவது வேறு. முன்னதைப் பின்னதாக எண்ணிக்கொள்ளும்போது என்ன நேரும் என்பதை அதே ஆண்டின் அக்டோபர் மாதம் காட்டிற்று.

பதினொரு உயிர்கள்

அந்த மாதத்தில் ஒரு நாள், முறைப்படி கரைசலில் கை கழுவிவிட்டுச் செம்மல்வைஸும் உடனிருந்தோரும் பரிசோதனையைத் தொடங்கினர். முதலில் பரிசோதிக்கப்பட்டவர், கருப்பைப் புற்று அழுகிச் சீழ் வடிந்துகொண்டிருந்த ஒரு தாய். அவருக்குப் பின் அதே கூடத்தில் இருந்த பன்னிரண்டு தாய்மாரைப் பரிசோதித்தனர். இடையில் வழக்கம்போல் கைகளைக் கழுவினரே தவிர, கரைசலை மீண்டும் பயன்படுத்தவில்லை. பன்னிருவருள் பதினொருவர் பிரசவக் காய்ச்சலில் இறந்தனர்.

அவர்கள் ஏன் மீண்டும் கரைசலில் கை கழுவவில்லை? சோம்பல் காரணமன்று, அவரினும் கண்டிப்பானவர் அங்கே இல்லை. அவர்களது நடத்தைக்கு அடியில் இருந்த எண்ணத்தைச் சொற்களில் வடித்தால் இவ்வாறு அமையும்: ‘கையில் பிணத்துகள் இருந்தால் நோய் வரும், இப்போது கையில் பிணத்துகள் இல்லை, ஆகவே நோய் வராது.’ முன்னுறுப்பை மறுக்கும் நான்காம் வழி. அறிவிப்புப் பலகையின் முன் நான் செய்த அதே பிழை.

இங்கே ஒருவர் தடை எழுப்பலாம். ‘பிணத்துகள் இருந்தால் மட்டுமே நோய் வரும் என்பது அவர் கருத்தானால், பிணத்துகள் இல்லாதபோது நோய் வராது என்பது நேரிய முடிவுதானே?’ என்று கேட்கலாம். மெய்தான், அப்போது வடிவத்தில் பிழையில்லை. எடுகூற்றுதான் பொய். ஆனால் அந்த ‘மட்டுமே’ எங்கிருந்து வந்தது? கோடை மாதங்களில் கிடைத்த வெற்றியிலிருந்து வந்தது. சாவு குறைந்ததைக் கண்டு, பிணத்துகளே காரணம், வேறில்லை என்று பின்னுறுப்பை உடன்பட்டுப் பெற்ற முடிவே, இப்போது எடுகூற்றாக வந்து நின்றது. மூன்றாம் வழியில் நுழைந்த போலி, நான்காம் வழியாக வெளிவந்தது. ‘இருந்தால்’ என்பதற்கும் ‘இருந்தால் மட்டுமே’ என்பதற்கும் இடையில் உள்ள வேறுபாடு ஒரு சொல்லளவே. அந்தக் கூடத்தில் அதன் விலை பதினொரு தாய்மார்.

செம்மல்வைஸின் பெருமை இதற்குப் பின் விளங்குகிறது. அவர் இந்நிகழ்ச்சியை மறைக்கவில்லை. தற்செயல் என்று ஒதுக்கவும் இல்லை. ‘பிணத்துகள் மட்டுமே காரணமானால் இத்தாய்மாருக்கு நோய் வந்திருக்கக் கூடாது, வந்தது, ஆகவே பிணத்துகள் மட்டுமே காரணமல்ல’ என்று மீண்டும் இரண்டாம் வழிக்கே திரும்பினார். இம்முறை மறுக்கப்பட்டது அவருடைய சொந்தக் கருத்தே. உயிருள்ள உடலில் அழுகும் பொருளும் நோயை விளைவிக்கும் என்று தம் கருத்தைத் திருத்திக்கொண்டார். 1848-இல் முதற்பிரிவில் 3,556 தாய்மாருள் 45 பேரும், இரண்டாம் பிரிவில் 3,219 பேருள் 43 பேரும் இறந்தனர். இரண்டும் ஏறத்தாழ 1.3 விழுக்காடு. இரு பிரிவுகளுக்கும் இடையில் இருந்த வேறுபாடு மறைந்தது. அவர் காலத்து மருத்துவர் பலர் அவர் கருத்தை ஏற்கவில்லை. 1865-இல் வியன்னாவை அடுத்திருந்த ஒரு மனநோய் விடுதியில் அவர் இறந்தார்.

மணிமேகலை காட்டும் எச்சரிக்கை

வடிவம் நேரியதாக இருந்தால் மட்டும் போதாது, எடுகூற்றும் மெய்யாக இருக்க வேண்டும் என்று கண்டோம். ஒரு நிபந்தனைக் கூற்றை மெய்யென ஏற்க நமக்கு என்ன சான்று வேண்டும்? இக்கேள்வி தமிழுக்குப் புதிதன்று. சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையில் இருபத்தொன்பதாம் காதையில், காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை நூலைக் கற்பிக்கிறார். பக்கம், ஏது, திட்டாந்தம் முதலிய உறுப்புகளை விளக்கி, அவற்றில் நேரும் போலிகளையும் பக்கப் போலி, ஏதுப் போலி, திட்டாந்தப் போலி என வகுத்துக் காட்டுகிறார்.

புகையைக் கண்டு நெருப்பை உய்த்தறிவதைப் பற்றிப் பேசுமிடத்தில் வரும் ஓர் எடுத்துக்காட்டு சுவையானது. ஒருவன் ஒரு காலத்தில் ஓரிடத்தில் கழுதையையும் கணிகையையும் ஒருங்கே கண்டான். பின்னொரு காலத்தில் கழுதையை மட்டும் கண்டு, கணிகையும் அங்கே இருப்பாள் என்று முடிவு கட்டினால் அது தகுமா? இரண்டும் ஒருமுறை சேர்ந்து காணப்பட்டமையால் மட்டும் ‘கழுதை இருந்தால் கணிகை இருப்பாள்’ என்னும் நிபந்தனைக் கூற்று மெய்யாகிவிடாது. இரண்டும் ஓரிடத்தில் இல்லாதிருப்பதைக் கண்டதும் அவ்வாறே போதிய சான்றாகாது என்பதற்கு நாய்வாலையும் நரிவாலையும் வைத்து இன்னோர் எடுத்துக்காட்டும் அங்கே தரப்படுகிறது. நாய்வால் இல்லாத கழுதையின் பிடரியில் நரிவாலும் இல்லை என்று கண்டவன், வேறோரிடத்தில் நரிவாலைக் கண்டு நாய்வாலும் அங்கே உண்டு என முடிவு செய்யலாகாது. சேர்ந்து காணப்படுவது ஒன்று. ஒன்றால் ஒன்று விளைவது மற்றொன்று. இந்த எச்சரிக்கையைப் படித்து நகைக்கும் நாம், மருந்துண்ட மறுநாள் சளி நீங்கியதும் மருந்தின் சிறப்பைப் பாடத் தொடங்கிவிடுகிறோம்.

நம் பாடங்களில்

நாம் பயிலும் பாடங்களிலும் இப்போலிகள் மறைந்து நிற்கின்றன. வேதியியல் ஆய்வகத்தில், வெளிவரும் வாயு சுண்ணாம்பு நீரைப் பால்போல் ஆக்கியதும் அது கார்பன் டை ஆக்சைடுதான் என்று குறித்துவிடுகிறோம். கந்தக டை ஆக்சைடும் சுண்ணாம்பு நீரைப் பால்போல் ஆக்கும். அதனால்தான் அதன் நெடியையும் வேறு சோதனைகளையும் கொண்டு அதனை முதலில் விலக்கும்படி ஆசிரியர்கள் வற்புறுத்துகின்றனர். கணிதத்தில், ஒரு முடிவிலாத் தொடர் ஒருங்குமானால் அதன் உறுப்புகள் சுழியை நெருங்கும் என்பது தேற்றம். இதனைத் திருப்பிப் போட்டு, உறுப்புகள் சுழியை நெருங்குவதால் தொடர் ஒருங்கும் என்று எழுதி மதிப்பெண் இழந்தோர் நம்மிடையே உண்டு. 1 + 1/2 + 1/3 + 1/4 + … என்னும் தொடரின் உறுப்புகள் சுழியை நெருங்குகின்றன. தொடரோ எல்லையின்றி வளர்கிறது. ஆனால் அதே தேற்றத்தின் பின்னுறுப்பை மறுத்தால், உறுப்புகள் சுழியை நெருங்காத தொடர் ஒருங்காது என்னும் மிகப் பயனுள்ள சோதனை கிடைக்கிறது.

முடிவுரை

ஆகவே ஒரு நிபந்தனைக் கூற்றை எதிர்ப்படும்போது மூன்று கேள்விகளை நமக்குள் கேட்டுக்கொள்வது நலம். முன்னுறுப்பு எது, பின்னுறுப்பு எது? எனக்குக் கிடைத்த செய்தி அவற்றுள் எதனை உடன்படுகிறது, எதனை மறுக்கிறது? சொல்லப்படாத ஒரு ‘மட்டுமே’யை நானாகச் சேர்த்துக்கொண்டேனா? இம்மூன்றுக்கும் விடை காண அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தில், நமக்குப் பிடித்த கருத்தைக் காக்கும் சான்றைத் தேடாமல், அதனை உடைக்கக்கூடிய சான்று எங்கே இருக்கும் என்று தேட வேண்டும். அட்டைச் சோதனையில் ‘7’ஐத் திருப்புவது அதற்காகத்தான். தம் கருத்தைத் தாமே மறுத்துக்கொண்ட அந்த வியன்னா மருத்துவரிடமிருந்து நாம் கற்க வேண்டியதும் அதுவே.

என் பிழையால் நான் இழந்தது ஒரு பருவத் தேர்வு. அடுத்த ஆண்டு அதனை எழுதித் தேறினேன். அக்டோபர் மாதத்தில் அந்தக் கூடத்தில் இருந்த தாய்மாருக்கு அத்தகைய வாய்ப்பு இல்லை. நம்மில் பலர் நாளை ஆசிரியர்களாகவும் அலுவலர்களாகவும் பொறுப்பேற்கப் போகிறவர்கள். நம் முடிவுகளின் பயனைப் பிறரும் அனுபவிக்க வேண்டியிருக்கும். இப்போதெல்லாம் அறிவிப்புப் பலகையில் எந்த அறிவிப்பைக் கண்டாலும் அது என்ன சொல்கிறது என்று ஒருமுறையும், என்ன சொல்லவில்லை என்று மறுமுறையும் படிக்கிறேன். பிறகு பக்கத்தில் ஒட்டியிருக்கும் அறிவிப்பையும் படித்துவிட்டே நகர்கிறேன்.